கர்ப்பிணியின் மன அழுத்தம்: கியூபெக் ஐஸ் புயல் கற்றுத்தந்தது

1998 ஜனவரி முதல் வாரம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மழை பெய்யத் தொடங்கியது. வானத்திலிருந்து தண்ணீராகத்தான் விழுந்தது. ஆனால் மரக்கிளை, மின்கம்பி, கூரை என்று எதைத் தொட்டாலும் அங்கேயே பனிக்கட்டியாக உறைந்துபோனது. ஐந்தாறு நாள் இப்படி விட்டுவிட்டுப் பெய்ததில் கம்பிகளின்மேல் ஐஸ் தடித்துக்கொண்டே போனது. எடை தாங்காமல் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன, உயரழுத்தக் கோபுரங்கள் மடங்கி விழுந்தன. கியூபெக்கில் மட்டும் முப்பது லட்சம் பேருக்கு மேல் இருட்டில் மாட்டிக்கொண்டார்கள். நல்ல குளிர்காலம்; அங்கே வீடுகளைச் சூடாக்குவதே பெரும்பாலும் மின்சாரம்தான். சிலருக்குச் சில மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. மொன்றியல் நகருக்குத் தென்கிழக்கே இருக்கும் ஊர்களில் ஒரு மாதம் தாண்டியும் வராத வீடுகள் உண்டு. ராணுவத்தை இறக்கினார்கள். மக்கள் பொது முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். குளிரில் விறைத்து இறந்தவர்கள் உண்டு. அடைத்த வீட்டுக்குள் அடுப்பும் ஜெனரேட்டரும் வைத்து, அந்தப் புகையில் இறந்தவர்களும் உண்டு.

அந்த வாரத்தில் வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள் என்பதை உடனே யோசித்தவர் சூசன் கிங். மொன்றியலில் உள்ள டக்ளஸ் மருத்துவமனை ஆய்வு மையத்தில் மனச்சிதைவு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த உளவியலாளர். தாய் கர்ப்பமாக இருக்கும்போது அனுபவிக்கும் நெருக்கடி, பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தொடுமா என்பது அவர் துறையில் நெடுநாளாகத் தீராத கேள்வி. புயல் ஓய்ந்து ஆறு மாதம் ஆவதற்குள் அவருடைய குழு கர்ப்பிணிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பிவிட்டது. பதில் எழுதியவர்களில் சுமார் 180 குடும்பங்களை அவர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளை 2 வயதில், ஐந்தரை வயதில், 13 வயதில் என்று மறுபடி மறுபடி சோதித்தார்கள்.

கர்ப்பிணிகளிடம் "உங்களுக்கு டென்ஷன் உண்டா?" என்று கேட்டு, பிறகு பிள்ளையைச் சோதித்துப் பார்த்தால் போதாதா, இதற்கு ஏன் ஒரு புயல் வரவேண்டும்? போதாது. அப்படிச் செய்த ஆய்வுகள் நிறைய உண்டு. ஆனால் பதற்றப்படும் சுபாவம் உள்ள தாய்க்குப் பதற்றப்படும் பிள்ளை பிறந்தால், அது வயிற்றில் நடந்ததாலா, மரபணு வழியாக வந்ததா? வறுமையில் இருக்கும் பெண்ணுக்கு மன அழுத்தமும் அதிகம், சாப்பாடும் குறைவு; பிள்ளை பிறந்த பிறகும் அதே வறுமைதான். எது எதைச் செய்தது என்று பிரிக்கவே முடியாது. எலிகளில் இதைப் பிரித்துவிடலாம். 1957இல் வில்லியம் தாம்ப்ஸன் என்பவர், பஸ்ஸர் ஒலித்தால் ஷாக் அடிக்கும் என்று பெண் எலிகளைப் பழக்கினார். அவை சினையான பிறகு ஷாக் எதுவும் கொடுக்காமல் பஸ்ஸரை மட்டும் ஒலிக்கவிட்டார். பிறந்த குட்டிகள் மற்றக் குட்டிகளைவிடப் பயந்த சுபாவத்தோடு வளர்ந்தன. வேறு தாய் எலியிடம் மாற்றி வளர்த்தும் பார்த்தார். மனிதர்களிடம் இப்படியெல்லாம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

இயற்கைப் பேரிடர் அந்த வேலையைக் கிட்டத்தட்ட ஒரு சீட்டுக் குலுக்கல்போலச் செய்துவிடுகிறது. யார் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, யார் வீட்டில் முப்பது நாள் இல்லை என்பதைத் தீர்மானித்தது அந்தத் தெருவுக்கு வரும் மின்கம்பி. அந்தப் பெண்ணின் சுபாவத்துக்கோ, மரபணுவுக்கோ, அவள் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்பதற்கோ அதில் பங்கில்லை. கியூபெக் ஆய்வின் பலமே இதுதான்.

இதைவிட முக்கியமான இன்னொன்றையும் கிங் குழு செய்தது. மன அழுத்தம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதை இரண்டாகப் பிரித்தார்கள். முதலாவது, உண்மையில் நடந்த கஷ்டம்: எத்தனை நாள் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, வீட்டுக்கு என்ன சேதம், வருமானம் எவ்வளவு போனது, யாருக்காவது அடிபட்டதா, எத்தனை முறை இடம் மாற வேண்டியிருந்தது, தினசரி வாழ்க்கை எவ்வளவு தலைகீழானது. இதற்கெல்லாம் சேர்த்து 32 மதிப்பெண். இரண்டாவது, அந்தப் பெண் மனதுக்குள் பட்ட பாடு: பயம், கெட்ட கனவு, நினைத்தாலே படபடப்பு. இதற்கு வேறொரு அளவுகோல். இந்த இரண்டும் ஒன்றாகவே நகரும் என்றுதான் நாம் நினைப்போம். நகரவில்லை. நாற்பது நாள் குளிரில் கிடந்தும் "சமாளித்துவிட்டோம்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இரண்டே நாளில் உடைந்துபோனவர்களும் இருந்தார்கள். அதனால்தான் பிரித்து அளந்தது பயன்பட்டது.

பிள்ளைகளுக்கு 2 வயதானபோது முதல் முடிவு வந்தது. அதிகக் கஷ்டம் பட்ட தாய்மார்களின் பிள்ளைகள் அறிவு வளர்ச்சிச் சோதனையில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பேசும் சொற்களும், கேட்டுப் புரிந்துகொள்ளும் சொற்களும் குறைவாக இருந்தன. பிள்ளைகளுக்கிடையே இருந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை இந்தக் கஷ்டத்தோடு தொடர்புபடுத்த முடியும் என்று கணக்குப் போட்டார்கள்: அறிவு வளர்ச்சிச் சோதனையில் சுமார் 11 சதவீதம், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனில் சுமார் 17 சதவீதம். ஐந்தரை வயதில் பார்த்தபோதும் மொழித் திறனில் அந்த வேறுபாடு மறைந்துவிடவில்லை. அதே வயதில், அதிகக் கஷ்டம் பட்டவர்களின் பிள்ளைகளிடையே உடல் பருமனும் கூடுதலாகத் தெரிந்தது. 13 வயதில் சிலருடைய ரத்தத்தை எடுத்து டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். மரபணு எழுத்துகள் மாறுவதில்லை; ஆனால் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான மரபணுக்களில் அந்தக் குறிகளின் அளவு, பதிமூன்று வருடத்துக்கு முன் தாய் பட்ட கஷ்டத்தின் அளவோடு பொருந்தியிருந்தது.

இந்த முடிவுகளில் பெரும்பாலானவை, உண்மையில் நடந்த கஷ்டத்தோடு பொருந்தின. தாய் மனதுக்குள் எவ்வளவு பயந்தாள், எவ்வளவு அழுதாள் என்பதோடு அறிவு வளர்ச்சியும் மொழியும் பொருந்தவில்லை. டி.என்.ஏ. குறிகளும் முதலில் பார்த்தபோது பொருந்தவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம் வீடுகளில் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் அறிவுரைதான். "அழாதே, பிள்ளைக்கு ஆகாது." "மனசை லேசா வெச்சுக்கோ." "நீ கவலைப்பட்டா அது உள்ள கவலைப்படும்." சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரையின் மறுபக்கம் கொடுமையானது. பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானாலோ, படிப்பு ஏறவில்லை என்றாலோ, "மாசமா இருந்தப்ப எப்பப் பாரு அழுதுட்டே இருந்தா" என்று பழி அவள் மேல் வந்து விழுகிறது. அவள் ஏன் அழுதாள், யார் அழவைத்தது என்று யாரும் கேட்பதில்லை. மனதை லேசாக வைத்துக்கொள்வது அவள் பொறுப்பு, சுமையை இறக்குவது யார் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுகிறது. கியூபெக் ஆய்வு அந்தப் பொறுப்பை வேறு பக்கம் திருப்புகிறது. கரண்ட் எப்போது வரும், படுக்க இடம் உண்டா, சம்பளம் நிற்காமல் வருமா என்பவையெல்லாம் கர்ப்பிணி மூச்சுப்பயிற்சி செய்து சரிசெய்யக்கூடியவை அல்ல.

இது முழுச் சித்திரம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆய்வில், ஆட்டிசத்தோடு தொடர்புடைய சில சுபாவங்களை ஆறரை வயதில் பார்த்தபோது தாயின் மனவேதனைக்கும் பங்கு இருந்தது. புயல் தங்கள் வாழ்க்கைக்கு மொத்தத்தில் கெடுதலா, நல்லதா என்று தாய்மார்கள் எடை போட்ட விதமும் பிள்ளைகளின் டி.என்.ஏ. குறிகளோடு பொருந்தியதாகப் பின்னால் வந்த கட்டுரை சொன்னது. ஆக, மனதுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆய்வும் சிறியது. டி.என்.ஏ. சோதனை நடந்தது நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகளிடம்தான். பதில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஓரளவு படித்த, வசதியுள்ள பிரெஞ்சு மொழிக் குடும்பத்தினர். ஓரளவு வசதியிருந்த வீடுகளிலேயே இவ்வளவு என்றால், ஒன்றுமில்லாத வீடுகளில்?

அதற்குச் சிலியில் ஒரு பதில் இருக்கிறது. 2005 ஜூன் மாதம் அந்நாட்டின் வட பகுதியில் தாராபாகா வட்டாரத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தது. சமூகவியலாளர் ஃப்ளோரென்சியா டோர்சே அந்தப் பகுதியில் பிறந்த குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் நிலநடுக்கத்தைச் சந்தித்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் எடை குறைந்திருந்தது. பிறகு, பள்ளிப் பருவத்தில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத் திறனைச் சோதித்தார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஒன்றும் தெரியவில்லை. அதே பூமி, அதே அதிர்ச்சி. பிறந்த பிறகு கிடைத்த சாப்பாடும், கவனிப்பும், மருத்துவமும் ஒரு சாராருக்கு அதை ஈடுகட்டிவிட்டன. இன்னொரு சாராருக்கு ஈடுகட்ட எதுவும் இல்லை.

சரி, தாய்க்கு வெளியே நடப்பது உள்ளே இருக்கும் சிசுவை எப்படிப் போய்ச் சேருகிறது? இருவர் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நரம்புத் தொடர்பும் கிடையாது. இடையில் இருப்பது நஞ்சுக்கொடி. நெருக்கடி வரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, அது சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது, அது கார்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சர்க்கரையைக் கூட்டி, உடம்பைத் தயார்நிலையில் வைப்பது கார்டிசாலின் வேலை. கர்ப்பிணியின் ரத்தத்தில் கார்டிசால், எந்தக் கவலையும் இல்லாவிட்டாலும்கூட, கடைசி மாதங்களில் இரண்டு மூன்று மடங்கு ஏறும். அது இயற்கை. சிசுவின் நுரையீரல் முதிர்வதற்கே அந்த வகை ஹார்மோன் தேவை. குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால் மருத்துவர்கள் தாய்க்கு பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். எனவே கார்டிசால் என்றாலே விஷம் என்று இணையத்தில் சுற்றும் பேச்சை நம்ப வேண்டாம்.

ஆனால் அளவுக்கு மீறி, தவறான வேளையில் போனால் அது வளரும் மூளையின் போக்கை மாற்றக்கூடும். அதைத் தடுக்க நஞ்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது. தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியை அது வேலை செய்யாத கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. கொஞ்சம்தான் சிசுவுக்குப் போய்ச் சேரும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் விவெட் குளோவர் என்ற ஆய்வாளரின் குழு, பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடிகளை எடுத்துச் சோதித்தது. கர்ப்பத்தின்போது பதற்றம் அதிகமாக இருந்த பெண்களின் நஞ்சுக்கொடியில் இந்த நொதி குறைவாக இருந்தது. அதாவது தாயின் ரத்தத்தில் கார்டிசால் ஏறாமலே, உள்ளே போகும் அளவு கூடியிருக்க வாய்ப்பு உண்டு. கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் ஓட்டம் குறைவது, நஞ்சுக்கொடியே சுரக்கும் வேறொரு ஹார்மோன் பிரசவத்தை முன்கூட்டி வரவைப்பது, உடம்பில் ஏற்படும் அழற்சி, சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது என்று இன்னும் பல வழிகள் பேசப்படுகின்றன. கார்டிசால் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று இந்தத் துறையில் இப்போது யாரும் சொல்வதில்லை.

எவ்வளவு பேருக்கு எவ்வளவு பாதிப்பு என்ற கேள்விக்கு நல்ல பதில் தருவது இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் நடந்துவரும் ஏவன் ஆய்வு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் கர்ப்பமாக இருந்த சுமார் 14,000 பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் அது இன்றுவரை தொடர்ந்து வருகிறது. கர்ப்ப காலத்தில் பதற்றம் மிக அதிகமாக இருந்த 15 சதவீதப் பெண்களை எடுத்துக்கொண்டால், அவர்களுடைய பிள்ளைகளுக்கு நடத்தையிலும் உணர்ச்சியிலும் சிக்கல் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றதும் பயம் வரும். எண்ணிக்கையில் பார்த்தால், நூறு பிள்ளைகளில் சுமார் 6 பேருக்கு இருந்தது சுமார் 12 பேராகிறது. மிகக் கடும் பதற்றத்தில் இருந்த தாய்மார்களின் நூறு பிள்ளைகளில் சுமார் 88 பேர் நன்றாகவே இருந்தார்கள். இந்த எண்ணை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஊர் முழுக்க எடுத்துப் பார்த்தால் அந்த ஆறு பேர் மிகப் பெரிய எண்ணிக்கை, அரசாங்கம் கவலைப்பட்டே ஆக வேண்டிய எண்ணிக்கை. ஒரு தனிப் பெண் தன் பிள்ளையை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய அளவு அது இல்லை.

சாதாரண அன்றாடக் கவலைக்கும் இந்த ஆய்வுகளுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. வேலைப் பளு, மாமியாரோடு ஒரு மனஸ்தாபம், ஸ்கேன் எடுக்கப் போகும் நாளில் வரும் படபடப்பு, இவையெல்லாம் இல்லாத கர்ப்பமே உலகத்தில் கிடையாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேனட் டிபியட்ரோ, மனநிலை பொதுவாக நன்றாக இருந்த கர்ப்பிணிகளைப் பார்த்தார். அவர்களில் மிதமான அழுத்தம் இருந்தவர்களின் பிள்ளைகள் 2 வயதில் அறிவிலும் உடல் அசைவுத் திறனிலும் கொஞ்சம் முன்னாலேயே இருந்தார்கள். அதற்காக வேண்டுமென்றே டென்ஷன் ஆகச் சொல்லவில்லை. கொஞ்சம் கவலைப்பட்டுவிட்டோமே என்று அதற்கு மேல் ஒரு கவலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

மரபணு எங்கே முடிகிறது, கர்ப்பச் சூழல் எங்கே தொடங்குகிறது என்பதை இன்னொரு கோணத்திலிருந்து பார்த்த ஆய்வும் உண்டு. பிரிட்டனில் ஃபிரான்சஸ் ரைஸ், அனிதா தாப்பர் ஆகியோரின் குழு, செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. சிலர் தாயின் சொந்தக் கருமுட்டையில் பிறந்தவர்கள், சிலர் தானமாகப் பெற்ற கருமுட்டையில் பிறந்தவர்கள். இரண்டாம் வகையில் பிள்ளையைச் சுமந்தவளுக்கும் பிள்ளைக்கும் மரபணுத் தொடர்பு இல்லை. பிறப்பு எடை குறைவதும், பிள்ளை முரட்டுத்தனமாக நடந்துகொள்வதும் இரண்டு வகையிலும் தாயின் கர்ப்பகால அழுத்தத்தோடு தொடர்பு காட்டின. ஆகவே அங்கே மரபணு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆனால் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனமின்மையும் மிகுதியான துறுதுறுப்பும், சொந்தக் கருமுட்டையில் பிறந்தவர்களிடம் மட்டுமே அந்தத் தொடர்பைக் காட்டின. இத்தனை காலம் கர்ப்பகால அழுத்தத்தின் கணக்கில் எழுதியதில் ஒரு பகுதி, உண்மையில் மரபணுவின் வேலை. பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று தெரிந்ததும் தன் கர்ப்ப மாதங்களைத் தோண்டித் துருவிக் குற்றம் தேடும் தாய்மார்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குளோவர் குழுவின் இன்னொரு ஆய்வு நம் ஊருக்கு நேராகப் பேசுகிறது. 2007இல் வெளியானது. கர்ப்பிணிகள் சந்தித்த பலவகை நெருக்கடிகளைப் பட்டியல் போட்டு, ஒன்றரை வயதில் பிள்ளையின் அறிவு வளர்ச்சியோடும் பயந்த சுபாவத்தோடும் ஒப்பிட்டார்கள். மற்ற எதையும்விட வலுவாகப் பொருந்தியது, துணைவரோடு இருந்த உறவின் விரிசல். சண்டை, பிரிவு, கொடுமை. கர்ப்பிணியை டாக்டரிடம் அழைத்துப்போவது, இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வைப்பது, மாங்காய் வாங்கிவருவது எல்லாம் சரிதான். வீட்டில் அவளை அடிக்காமல், மிரட்டாமல், சொல்லால் குத்தாமல் இருப்பது பிள்ளையின் மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம். இதைக் கர்ப்ப காலச் சோதனைக்கு வரும் கணவன்மார்களிடம் நேரடியாகச் சொல்கிற மருத்துவமனைகள் இன்னும் நிறைய வேண்டும்.

வயிற்றில் நடந்தது நடந்ததுதான், இனி மாற்ற முடியாது என்ற எண்ணமும் தவறு. 2010இல் அதே குழு, பனிக்குட நீரில் இருந்த கார்டிசால் அளவை எடுத்து, 17 மாதத்தில் பிள்ளையின் அறிவு வளர்ச்சியோடு வைத்துப் பார்த்தது. கார்டிசால் கூடக் கூட அறிவு வளர்ச்சி குறைந்திருந்தது. ஆனால் தாயோடு பாதுகாப்பான ஒட்டுதல் இருந்த பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு காணாமல்போனது. தூக்கி வைத்துக்கொள்வது, அழுதால் போய்ப் பார்ப்பது, முகம் பார்த்துப் பேசுவது ஆகியவற்றால் வளரும் ஒட்டுதல் அது. அதைத் தர அந்தத் தாய்க்குத் தெம்பும் நேரமும் இருக்க வேண்டும். பேறு முடிந்து வேலைக்கு ஓட வேண்டிய பெண்ணிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி?

சூசன் கிங்கும் கூட்டாளிகளும் இந்த வேலையைக் கனடாவோடு நிறுத்தவில்லை. 2008இல் அமெரிக்காவின் அயோவா மாநில வெள்ளம், 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வெள்ளம் இரண்டையும் ஆராய்ந்தார்கள். குயின்ஸ்லாந்தில் ஒரு நல்ல தற்செயல் நடந்தது. வெள்ளத்துக்கு முன்பே பிரிஸ்பேனில் வேறொரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது: கர்ப்பத்தின் ஆரம்பம் முதல் பிரசவம் தாண்டி வரை ஒரே மருத்துவச்சி ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்வது ஒரு முறை, போகும்போதெல்லாம் டியூட்டியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பார்ப்பது வழக்கமான முறை. வெள்ளம் வந்தபோது இரு வகைப் பெண்களும் மாட்டிக்கொண்டார்கள். ஒரே மருத்துவச்சி பார்த்துக்கொண்ட பெண்களுக்கு, வெள்ளத்தால் பட்ட கஷ்டம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக மாறுவது குறைந்திருந்தது. அவர்களுடைய குழந்தைகளின் ஆறு மாத வளர்ச்சியும் மேலாக இருந்தது. வெள்ளத்தை அந்த மருத்துவச்சி தடுத்துவிடவில்லை. பெயர் தெரிந்த, போன் செய்தால் எடுக்கிற ஒருவர் இருந்தார். அந்தப் பெண்ணின் வீடு எது, போன தடவை என்ன சொன்னாள் என்பது அவருக்கு நினைவிருந்தது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்குக் கிராம சுகாதார செவிலியர் நினைவுக்கு வரலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கித் தருவதிலிருந்து, பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது வரை அவர் அந்தப் பெண்ணோடு வருகிறார். வெளிநாடுகளில் புதிதாகச் சோதித்துப் பார்க்கும் தொடர் கவனிப்பின் எலும்புக்கூடு நம்மிடம் பல காலமாக இருக்கிறது. ஆனால் அந்தச் செவிலியரின் கையில் இருக்கும் பதிவேடு கேட்பது ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின். வீட்டில் என்ன நடக்கிறது, ராத்திரி தூங்குகிறாயா, யாராவது அடிக்கிறார்களா, கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறானா என்று கேட்பதற்கு அவருக்கு நேரமும் பயிற்சியும் கொடுத்தால், அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

அவரைப் போன்றவர்களால் முடியும் என்பதற்குப் பாகிஸ்தானில் ஆதாரம் இருக்கிறது. ராவல்பிண்டிக்கு அருகே உள்ள கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய மனநல ஆலோசனை முறை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மனநலம் படித்தவர்கள் கிடையாது. மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களிலிருந்து பார்க்கத் தொடங்கினார்கள். 2008இல் வந்த முடிவு: பிரசவமாகி ஆறு மாதத்தில், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தொடர்ந்தது, இந்த ஆலோசனை பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான். அவர்களுடைய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டது. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. பேச்சு பேச்சாகத்தான் உதவும், சாப்பாட்டின் இடத்தை அது நிரப்பாது.

சாப்பாட்டின் பக்கம், பணத்தின் பக்கம் நம்மிடம் என்ன இருக்கிறது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளில் வருகிறது. கையில் காசில்லாத வீட்டில் அது பெரிய உதவி. மத்தியச் சட்டம் முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இருந்தால். கட்டட வேலையில் சித்தாளாக இருப்பவளுக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும், வயலில் நடவு நடுகிறவளுக்கும் அந்த விடுப்பு இல்லை. எட்டாம் மாதம் வரை செங்கல் சுமக்கும் பெண்ணிடம் மனசை லேசாக வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிங் குழு மதிப்பெண் போட்ட கேள்விகளை இங்கே கேட்டால், ஐஸ் புயல் எதுவும் வராமலே எத்தனை பேர் அந்த 32இல் பாதிக்கு மேல் வாங்குவார்கள் என்பதை யாராவது அளந்து பார்க்க வேண்டும்.

அதுவரை, ஒரு கர்ப்பிணியின் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சில. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாள், பசி தூக்கம் கெட்டிருக்கிறது, காரணம் சொல்லத் தெரியாத பயம் வருகிறது, அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்று பேசுகிறாள் என்றால் "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த சோதனைக்குப் போகும்போது மருத்துவரிடமோ செவிலியரிடமோ வெளிப்படையாகச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அடுத்த சோதனை வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துப்போங்கள். ஏற்கெனவே மனநலத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். திடீரென்று நிறுத்துவதால் நோய் திரும்பி வருவதும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்துதான். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.